கொட்டாவி விட்டால் சுருதி இறங்குமா?

இசை கேட்பவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கொட்டாவி வந்தால், அந்தச் சில நொடிகளுக்குச் சுருதி சற்று இறங்கிக் கேட்கிறது. வாய் மூடியதும் பாட்டு பழைய இடத்துக்கே வந்து நின்றுவிடுகிறது. சொல்பவர்கள் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. அரைக் கட்டை இறங்கியது என்று அளவும் சொல்கிறார்கள். இன்னும் சிலர், சுருதிக்கு ஒன்றும் ஆவதில்லை, கொட்டாவியின் உச்சத்தில் காதே கேட்பதில்லை என்கிறார்கள். வெளிச்சத்தம் குறைகிறதோ இல்லையோ, காதுக்குள்ளேயே ஓர் உறுமல் எழுகிறது என்பது வேறு சிலரின் அனுபவம். கொட்டாவி விட்டு முடித்ததும் காது பளிச்சென்று திறந்துகொள்கிறது என்ற நம்பிக்கையும் உண்டு.

இவை அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி, கொட்டாவி காதைப் பாதிக்கிறது என்று ஒரே வரியில் ஏற்பதோ, எல்லாம் பிரமை என்று தள்ளுவதோ வழக்கம். இரண்டும் சோம்பேறித்தனம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் நிற்கும் சான்று வேறு தரம். சில கூற்றுகளுக்கு உடற்கூறே சாட்சி சொல்லும். சிலவற்றை நிபந்தனையோடுதான் ஏற்க முடியும். சுருதி விவகாரம் மட்டும் இன்னும் கூண்டில் நிற்கிறது.

எளிதில் சோதிக்கக்கூடியதிலிருந்து தொடங்கலாம். இரவில் மின்விசிறிக்குக் கீழே படுத்திருக்கும்போது வரும் கொட்டாவியைக் கவனித்துப் பாருங்கள். தாடை விரியத் தொடங்கி, இதற்கு மேல் விரியாது என்ற இடத்தை நெருங்கும்போது விசிறியின் ஹூம் என்ற இரைச்சல் கீழே இறங்கி மங்கும். அதே கணத்தில் சுவர்க்கடிகாரத்தின் டிக் டிக் போகாது. கொஞ்சம் மெலியலாம், ஆனால் இருக்கும். அடுத்த அறையில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் குரலின் கனம் போய், 'ச', 'ஸ' போன்ற கீச்சொலிகள் மட்டும் மிதந்து வரும். ஆகவே 'காது கேட்பதில்லை' என்பது தவறான வருணனை. ஒலியின் அடிப்பகுதி போகிறது, மேற்பகுதி நிற்கிறது. இந்த வேறுபாடு சிறியதாகத் தெரியலாம். காரணம் யார் என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல துப்பு கிடையாது.

வாயைத் திறப்பதற்கும் காதுக்கும் என்ன உறவு? பழைய உறவு, மிகப் பழையது. நம் நடுச்செவியில் மூன்று சிற்றெலும்புகள் இருக்கின்றன: சுத்தி, பட்டடை, அங்கவடி. இவற்றில் சுத்தியும் பட்டடையும் ஊர்வனவற்றின் தாடை மூட்டில் இருக்கும் எலும்புகளுக்கு நிகரானவை என்பதை 1837இல் ஜெர்மானிய உடற்கூறியலர் கார்ல் ரைகெர்ட் கருவளர்ச்சியை ஆராய்ந்து காட்டினார். பாலூட்டிகளின் பரிணாமத்தில் தாடை புதிய மூட்டுக்கு மாறிக்கொள்ள, பழைய மூட்டின் எலும்புகள் சுருங்கிக் காதுக்குள் குடியேறின. எலும்பு இடம் மாறியது, நரம்பு மாறவில்லை. சுத்தி எலும்பைப் பிடித்து இழுக்கும் டென்சார் டிம்பனி என்ற தசைக்கு இன்றும் கட்டளை வருவது, மெல்லும் தசைகளை இயக்கும் அதே முக்கிளை நரம்பின் தாடைக் கிளையிலிருந்துதான். மெல்லண்ணத்தை இறுக்கி, காதையும் தொண்டையையும் இணைக்கும் ஊஸ்டேஷியன் குழலைத் திறக்கும் டென்சார் வேலி பாலட்டினி தசைக்கும் அதே கிளைதான். ஆக, ஒரே மின் இணைப்பில் தாடை, மெல்லண்ணம், செவிப்பறை மூன்றும் இருக்கின்றன. கொட்டாவி என்பது இந்த இணைப்பு முழுவதும் ஒரே நேரத்தில் உச்சம் தொடும் நிகழ்வு. அதில் காது மட்டும் ஒதுங்கி நின்றிருந்தால் அதுதான் ஆச்சரியம்.

டென்சார் டிம்பனி சுமார் 2 செ.மீ. நீளமுள்ள மெல்லிய தசை; ஊஸ்டேஷியன் குழலுக்கு மேலே ஓர் எலும்புக் கால்வாயில் படுத்திருக்கிறது. அது சுருங்கும்போது சுத்தி எலும்பின் காம்பு உள்நோக்கி இழுபடுகிறது, செவிப்பறை விறைக்கிறது. விறைத்த பரப்பைத் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஆட்டுவது கடினம். ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே நடுச்செவியின் இயக்கத்தை விறைப்புத்தான் ஆள்கிறது. அதற்கு மேலே போகப்போக எலும்புகளின் எடையும் உராய்வும் ஆளத் தொடங்குகின்றன. ஆகவே விறைப்பு கூடினால் அடி முதலில் உதை வாங்கும். உச்ச ஒலிகள் ஏறக்குறைய தப்பிவிடும். விசிறி மங்கியும் கடிகாரத்தின் டிக் டிக் போகாதது ஏன் என்பதற்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

பொருந்துவது மட்டும் போதாது. தனிச் சாட்சி வேண்டும். இருக்கிறது. இந்தத் தசையைக் கொட்டாவி இல்லாமலே, நினைத்தபோது சுருக்கக்கூடியவர்கள் சிலர் உண்டு. காதுக்குள் இடி உருட்டிக் காட்டுவோம் என்பார்கள். அருகில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. அவர்களைச் செவித்திறன் சோதனைக்கு உட்படுத்தியபோது, தசை சுருங்கியிருக்கும் நேரத்தில் தாழ்ந்த ஒலிகளைக் கேட்கும் வரம்பு உயர்ந்தது. உச்ச ஒலிகளில் மாற்றம் பெரிதாக இல்லை. ஒரு மறுப்புக்கு இடமுண்டு: இவர்கள் செய்வது கொட்டாவி அல்ல. உண்மை. ஆனால் 1963இல் சாலமன், ஸ்டார் இருவரும் மனித நடுச்செவித் தசைகளின் மின்செயலையே பதிவுசெய்து, பேசும்போதும் விழுங்கும்போதும் முகத்தை அசைக்கும்போதும் அவை இயங்குவதைக் காட்டியிருக்கிறார்கள். வெளிச்சத்தம் இல்லாமலே, உடலின் சொந்த அசைவுக்காக இந்தத் தசைகள் சுருங்குகின்றன என்பது நிறுவப்பட்ட விஷயம். பலத்த சத்தம் கேட்டால் அனிச்சையாகச் சுருங்கும் பொறுப்பு மனிதரில் பெரும்பாலும் இன்னொரு தசைக்கு, அங்கவடியைப் பிடித்திருக்கும் 6 மி.மீ. அளவேயான ஸ்டேபீடியஸுக்கு. டென்சார் டிம்பனி திடுக்கிடலுக்கும், மெல்லுதல், விழுங்குதல், கொட்டாவி போன்ற தாடை வேலைகளுக்கும் கட்டுப்பட்டது.

கொட்டாவியின்போதே நேரடியாக அளந்துவிட்டால் விவாதம் முடிந்துவிடுமே என்று கேட்கலாம். கொட்டாவி சராசரியாக 6 நொடி; ஒரு காதின் செவித்திறனை முறையாக அளக்க நிமிடக்கணக்கில் ஆகும். போதாததற்கு, பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் கொட்டாவி வராது. அமெரிக்க உளவியலர் ராபர்ட் ப்ரோவைன் கொட்டாவியைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். தொலைக்காட்சிக் கேமராவுக்கு முன்னால் கொட்டாவி விடச்சொன்னால் ஆட்கள் உறைந்துபோவதை அவரே எழுதியிருக்கிறார். ஆகவே இந்த வழக்கில் பக்கத்துச் சாட்சிகளை நம்பித்தான் தீர்ப்பெழுத வேண்டியிருக்கிறது. பக்கத்துச் சாட்சி பலவீனமான சாட்சி என்று பொருளல்ல. எத்தனை பேர், ஒருவரையொருவர் சாராமல், ஒரே திசையில் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மங்கல் விஷயத்தில் உடற்கூறு, இயற்பியல், செவித்திறன் சோதனை, வீட்டு அனுபவம் நான்கும் ஒத்துப்போகின்றன. தாழ்ந்த ஒலிகள் மங்குவது உண்மை.

உறுமல்? இதற்கு வயதான சாட்சி இருக்கிறது. கட்டைவிரலால் காதை அடைத்துக்கொண்டு முஷ்டியை இறுக்கினால் ஒரு தாழ்ந்த முழக்கம் கேட்கும். 1665இல் வெளியான நூலில் இத்தாலியப் பாதிரியார் ஃபிரான்செஸ்கோ கிரிமால்டி இதை எழுதிவைத்தார். 1810இல் லண்டனில் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் அதன் வேகத்தையே மதிப்பிட முயன்றார். நொடிக்கு 20, 30 அதிர்வு என்ற வட்டத்தில் கணக்கு வந்தது. சுருங்கும் தசை சும்மா இருப்பதில்லை, அதிர்கிறது. அந்த அதிர்வு கேட்கும் எல்லையின் அடிவிளிம்பில் இருக்கிறது. செவிப்பறையின் கைப்பிடியிலேயே ஒட்டியிருக்கும் தசை அதிர்ந்தால் கேட்காமல் எப்படி இருக்கும்?

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கொட்டாவியில் இன்னொரு சத்தமும் உண்டு: மூச்சு. சாதாரணமாக மூடியிருக்கும் ஊஸ்டேஷியன் குழல் அப்போது திறக்கிறது, விழுங்கும்போது திறப்பதைவிடக் கூடுதல் நேரம். திறந்த குழல் வழியாகத் தொண்டையின் சத்தம் பின்வாசலில் நுழைந்து செவிப்பறையின் உட்பக்கத்தையே தட்டும். இது வெறும் ஊகமல்ல. அதிரும் இசைக்கவையை மூக்குத் துவாரத்தில் வைத்துக்கொண்டு விழுங்கினால், விழுங்கும் கணத்தில் அதன் ஓசை காதில் ஓங்குவதை வியன்னாவின் ஆடம் போலிட்சர் 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்தார். அதே தத்துவத்தில்தான் இன்றும் குழல் திறப்பதை மைக்ரோஃபோன் வைத்துச் சோதிக்கிறார்கள். குழல் நிரந்தரமாகத் திறந்தே கிடக்கும் கோளாறு உள்ளவர்களுக்குத் தங்கள் மூச்சும் குரலும் காதுக்குள் முழங்கும். அது எவ்வளவு தொந்தரவு என்பதை அவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

அப்படியானால் உறுமலுக்குச் சொந்தக்காரர் தசையா, மூச்சா? கொட்டாவியே இதைப் பிரித்துத் தருகிறது. நீண்ட உள்மூச்சுக்கும் வெளிமூச்சுக்கும் இடையே, உச்சத்தில், காற்று ஒரு கணம் நகராமல் நிற்கும். அந்தக் கணத்திலும் உறுமல் இருக்கிறது. பலருக்கு அப்போதுதான் அதிகம். காற்று ஓடாதபோது மூச்சொலி கிடையாது. மிச்சம் தசை. உள்மூச்சில் கேட்கும் 'ஹா' என்ற இரைச்சல் மூச்சின் கணக்கு, உச்சத்தின் முழக்கம் தசையின் கணக்கு என்று பிரித்து எழுதிக்கொள்ளலாம்.

இந்த உள்சத்தம் மங்கலையும் கூட்டுகிறது. தாழ்ந்த சத்தம் தனக்கு மேலே உள்ள ஒலிகளை மறைப்பதில் வல்லது, உயர்ந்த சத்தத்தால் கீழே உள்ளவற்றை அவ்வளவாக மறைக்க முடியாது என்பதை 1924இல் வேகல், லேன் இருவரும் அளந்து காட்டினார்கள். எனவே கொட்டாவியின்போது அடி ஒலிகளுக்கு இரட்டை அடி: செவிப்பறை அவற்றை உள்ளே விடத் தயங்குகிறது, வந்தவற்றையும் உறுமல் போர்த்திவிடுகிறது. உறுமல் பலமாக இருப்பவர்களுக்கு இந்தப் போர்வை பேச்சொலி வரை நீளும். 'காதே கேட்கவில்லை' என்று அவர்கள் சொல்வது மிகை. மிகைக்கு முகாந்திரம் உண்டு.

மூன்றாவது ஒரு காரணம் பலர் கண்ணில் படுவதில்லை. தாடையின் மேல்முனை காதுக் குழாயின் முன்சுவரை ஒட்டியே இருக்கிறது. வாயை அகலத் திறந்தால் அந்த முனை முன்னே நகர, குழாய் சற்று விரிகிறது. காதுக்குள் சுண்டுவிரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடினால் தெரியும். காது மிஷின் போட்டிருக்கும் பெரியவர்கள் கொட்டாவி விடும்போதோ மெல்லும்போதோ மிஷின் 'கீ' என்று கத்துவது இதனால்தான்; அச்சுக்கும் காதுச் சுவருக்கும் இடையே இடைவெளி விழுந்து, ஒலி கசிந்து மைக்கில் திரும்பப் பாய்கிறது. காது அச்சு எடுக்கும்போது சிலரை வாயைத் திறந்து வைத்திருக்கச் சொல்வதும் இந்த அசைவுக்காகவே. காதில் செருகும் இயர்ஃபோனுக்கும் இதே கதி. அடைப்பு தளர்ந்தால் முதலில் ஓடிப்போவது பாஸ். இயர்ஃபோனில் பாட்டுக் கேட்டபடி கொட்டாவி விட்டு, பாட்டு மாறிவிட்டது என்பவரின் சாட்சியத்தில் பாதியைக் காதின் கணக்கிலிருந்து கழித்து, இயர்ஃபோன் ரப்பரின் கணக்கில் எழுத வேண்டும்.

இனி, கொட்டாவிக்குப் பின் காது கூர்மையாகிறதா என்ற கேள்வி. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பஸ்ஸில் இதற்குப் பதில் கிடைக்கும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றுத் தாண்டும். காற்றழுத்த வேறுபாட்டைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 150 மி.மீ. பாதரசம். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க இறங்க வெளிக்காற்று கனக்கிறது, நடுச்செவியில் மலைக்காற்றே தங்கியிருக்கிறது, செவிப்பறை உள்ளே அழுந்தி விறைக்கிறது. எஞ்சின் இரைச்சல் தூரப்போகிறது. காது அடைத்துக்கொண்டது என்கிறோம். இதுவும் விறைப்புத்தான், தசைக்குப் பதில் அழுத்தம் செய்த விறைப்பு. ஒரு கொட்டாவி வருகிறது, குழல் திறக்கிறது, 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம், எஞ்சின் இரைச்சல் முழுக் கனத்தோடு திரும்பி வருகிறது. கொட்டாவியால் காது திறந்தது. அப்பழுக்கற்ற உண்மை.

ஆனால் அடைத்த காதுதான் திறந்தது. சமவெளியில், சளியில்லாமல், உள்ளும் புறமும் அழுத்தம் சமமாக இருக்கும் காதில் கொட்டாவி சரிசெய்ய எதுவுமில்லை. உதவிக்கும் எல்லை உண்டு. உள்ளே அழுத்தம் வெளியைவிட 80, 90 மி.மீ. பாதரசம் அளவுக்குக் குறைந்துவிட்டால் குழல் பூட்டிக்கொள்கிறது, தசைகளால் அதைத் திறக்க முடியாது என்று 1937இல் ஆம்ஸ்ட்ராங், ஹைம் இருவரும் விமானப் பயணிகளின் காதைப் பற்றிய ஆய்வில் காட்டினர். ஊட்டி இறக்கத்தின் மொத்த வேறுபாடு அந்த எல்லையைத் தாண்டியது என்பதைக் கவனியுங்கள். வழியெல்லாம் தூங்கிவிட்டு அடிவாரத்தில் கண்விழித்து, மொத்தத்தையும் ஒரே கொட்டாவியில் தீர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் ஏமாற்றம்தான். அவ்வப்போது எச்சில் விழுங்குவதும் மிட்டாய் சப்புவதும் மேல். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதும் முறையை 1704இல் வெளிவந்த தன் நூலில் விவரித்த வால்சால்வாவின் பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது. கொட்டாவியைப் போல அது வருமா வராதா என்று காத்திருக்க வேண்டியதில்லை.

கொட்டாவி மூளையை எழுப்பிவிடுகிறது, அதனால்தான் காதும் கூர்மையாகிறது என்று வாதிடுபவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2007இல் சுவிஸ் நரம்பியலர் ஏட்ரியன் குகிஸ்பெர்க் குழுவினர் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, தூக்கக் கலக்கத்தில் கொட்டாவி வருவது தெரிந்தது. கொட்டாவிக்குப் பின் விழிப்பு கூடியதற்கான அடையாளம் தெரியவில்லை. இந்த வாதம் விழுகிறது.

கொட்டாவியின் வேலையே காதின் அழுத்தத்தைச் சமன்செய்வதுதான் என்று இன்னும் ஒரு படி மேலே போனவர்களும் உண்டு; 1953இல் லாஸ்கியேவிச் கொட்டாவியைக் காதோடும் சுவாச உறுப்புகளோடும் இணைத்து எழுதினார். கர்ப்பத்தின் 11, 12 வாரங்களிலேயே சிசு கொட்டாவி விடுவது ஸ்கேனில் பதிவாகியிருக்கிறது. பனிக்குடத்து நீரில் மிதக்கும் அதற்குச் சமன்செய்ய எந்தக் காற்றும் இல்லை. காது திறப்பது கொட்டாவியின் பக்கவிளைவு, பயன் என்றும் சொல்லலாம், நோக்கம் என்று சொல்ல முடியாது. உடலுக்கு ஆக்சிஜன் வேண்டித்தான் கொட்டாவி என்ற பாடப்புத்தகக் கதையை ப்ரோவைனும் சகாக்களும் 1987இல் சுத்த ஆக்சிஜனையே சுவாசிக்கக் கொடுத்துச் சோதித்துத் தள்ளினார்கள், கொட்டாவி குறையவில்லை. கொட்டாவிக்குக் காரணம் கற்பிப்பவர்களிடம் சற்று எச்சரிக்கையாகவே இருக்க வேண்டும்.

சுருதிக்கு வருவோம். இதுதான் கடினமான பகுதி.

சுருதி இறங்குகிறது என்பதற்குச் சட்டென்று தோன்றும் விளக்கம் செவிப்பறையின் இறுக்கம். மிருதங்கத்தில் கல்லும் கட்டையும் வைத்துத் தட்டி வாரை இறுக்கினால் சுருதி ஏறுகிறது. அதுபோலச் செவிப்பறை இறுகினால் கேட்கும் சுருதி மாறாதா? மாறாது. மிருதங்கம் தன் சொந்தச் சுருதியில் ஒலிக்கும் கருவி. செவிப்பறை எதையும் ஒலிப்பதில்லை. வருகிற காற்றலை எந்த வேகத்தில் தள்ளுகிறதோ அதே வேகத்தில் ஆடுகிறது. இறுக்கினால் குறைவாக ஆடும். வேறு வேகத்தில் ஆடாது. 200 ஹெர்ட்ஸ் உள்ளே போனால் அங்கவடியில் வந்து சேர்வதும் 200 ஹெர்ட்ஸ்தான். நடுச்செவியால் ஒலியின் அளவைக் குறைக்க முடியும், அதிர்வெண்ணை மாற்ற முடியாது.

அடுத்த விளக்கம்: அடி ஒலிகள் போய்விடுவதால் சுருதி மாறியதுபோலத் தோன்றுகிறது. இதைத் தொலைபேசி பொய்யாக்குகிறது. பழைய தொலைபேசிக் கம்பி கடத்தியது சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் 100, 120 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அது கம்பியில் வரவே இல்லை. ஆனாலும் மாமா போனில் பேசினால் அவர் சுருதி மாறிப் பேசுகிறார் என்று யாரும் சொன்னதில்லை. குரல் தகர டப்பாவில் விழுந்ததுபோல் மெலியும், சுருதி இருக்கும் இடத்தில் இருக்கும். மேலே உள்ள அதிர்வுகளின் இடைவெளியிலிருந்தே மூளை அடிப்படையைக் கணக்கிட்டுக்கொள்கிறது. அடியை வெட்டினால் நாதத்தின் நிறம் மாறும், சுருதி மாறாது. மாறினாலும் மெலிந்த ஒலி ஏறியதாகத்தான் தோன்ற வேண்டும். இவர்கள் சொல்வது இறங்கியதாக.

சத்தத்தின் அளவு மாறினால் சுருதி மாறும் என்பதும் ஒரு வழி. 1935இல் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் தூய ஒற்றை ஒலிகளை வைத்து, தாழ்ந்த ஒலிகள் சத்தம் கூடக்கூடச் சுருதி இறங்குவதாகவும் உயர்ந்த ஒலிகள் ஏறுவதாகவும் கண்டார். பிந்தைய ஆய்வுகளில் இந்த விளைவு சிறுத்துவிட்டது; இசைக்கருவிகளின் கூட்டொலியில் இன்னும் சிறியது. திசையும் எதிர்த்திசை: கொட்டாவி தாழ்ந்த ஒலிகளைக் குறைக்கிறது, ஆகவே ஸ்டீவன்ஸ் கணக்குப்படி அவை ஏற வேண்டும்.

ஆக, கையில் இருந்த விளக்கங்கள் எல்லாம் தோற்றுவிட்டன. இந்த இடத்தில் பிரமை என்று எழுதி வழக்கை மூடிவிடலாம். எனக்கு அதில் சம்மதமில்லை, இரண்டு காரணங்களால்.

முதலாவது, மனிதர் கேட்கும் சுருதி நகரவே முடியாத பாறை அல்ல. கால்-கை வலிப்புக்குத் தரும் கார்பமாசெபைன் மருந்தால் சிலருக்கு எல்லா இசையும் ஏறக்குறைய அரைக் கட்டை இறங்கிக் கேட்பது, குறிப்பாக ஜப்பானிய மருத்துவர்களால், திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. மருந்தை நிறுத்தினால் சரியாகிறது. வெளியே ஒலி மாறாமல் உள்ளே சுருதி இறங்க முடியும் என்பதற்கு இது மறுக்க முடியாத உதாரணம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தம்புராவும் பாட்டும் பிடிலும் சேர்ந்தே இறங்கினால் உறவு கெடுவதில்லை. சுருதி சேர்ந்தேதான் இருக்கும். இறங்கியதைக் கண்டுபிடிக்கத் தனி ஸ்வரத்தின் இடத்தையே நினைவில் வைத்திருக்கும் காது வேண்டும், அல்லது ஒரே கார்வை நீளும்போது கொட்டாவி தொடங்கி முடிய வேண்டும். பெரும்பான்மை ரசிகர்கள் கவனிக்கவில்லை என்பது எதிர்ச்சான்று ஆகாது. (மேடையில் இருப்பவர்கள் கொட்டாவி விடுவதில்லை, சபாவில் அது ரசிகர் துறை.)

இரண்டாவது, நடுச்செவியைத் தாண்டி ஒரு வழி திறந்திருக்கிறது. 1978இல் டேவிட் கெம்ப், காது ஒலியைக் கேட்பது மட்டுமல்ல, மெல்லிய ஒலியை வெளியிடவும் செய்கிறது என்று கண்டுபிடித்தார். உட்செவியின் நத்தைச் சுருளில் பிறந்து, யாரும் தூண்டாமலே சில காதுகளிலிருந்து வெளிவரும் இந்த ஒலிகளின் அதிர்வெண், காதுக் குழாயின் காற்றழுத்தத்தை மாற்றினாலோ உடலைச் சாய்த்தாலோ நகர்கிறது. பெரும்பாலும் சற்று மேல்நோக்கி. இதை வைத்து நான் இப்படி யோசிக்கிறேன். நத்தைச் சுருளில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் அதிர்வெண் உண்டு. டென்சார் டிம்பனி இழுத்து அங்கவடி உள்ளே அழுந்தும்போது அந்த வரைபடமே சற்று மேலே நகர்ந்தால், வெளியிலிருந்து வரும் அதே ஸ்வரம் இதுவரை தனக்குச் சற்றுக் கீழான ஸ்வரத்துக்கு உரியதாக இருந்த இடத்தில் போய் விழும். மூளைக்கு அது இறங்கிய ஸ்வரம். இந்த ஒரு வழியில் மட்டும்தான் திசை பொருந்துகிறது.

அளவு பொருந்தவில்லை. அரைக் கட்டை என்பது அதிர்வெண்ணில் ஏறக்குறைய 6 சதவீதம். மேற்சொன்ன நகர்வுகள் அதற்கு வெகு கீழே நிற்கின்றன. மேலும் சுருதியை மூளை இடத்தை வைத்து மட்டும் அறிவதில்லை. 4,000, 5,000 ஹெர்ட்ஸ் வரை செவிநரம்பு அலையின் தாளத்துக்கே துடித்து நேரக்கணக்கையும் அனுப்புகிறது. அந்தத் தாளத்தைக் கொட்டாவி தொடுவதில்லை. நாம் கேட்கும் இசையின் அடிப்படை ஸ்வரங்கள் எல்லாம் இந்த எல்லைக்குள்தான். அதேசமயம், பழகிய காது 1,000 ஹெர்ட்ஸில் 2, 3 ஹெர்ட்ஸ் வேறுபாட்டையே பிடித்துவிடும். அரை சதவீத நகர்வு போதும், 'ஏதோ இறங்கியது' என்று சொல்ல. ஆகவே என் தீர்ப்பு இது: கொட்டாவியில் அரைக் கட்டை இறங்குகிறது என்பதை ஏற்க முடியாது. நூலிழை அளவு இறங்குகிறது என்று நல்ல காதுள்ளவர் சொன்னால் அவரைப் பொய்யர் என்றும் சொல்ல முடியாது. நாதத்தின் நிறம் மாறியதும், அடியில் ஓர் உறுமல் சேர்ந்ததும் அந்த நூலிழையை அரைக் கட்டையாக ஊதிக் காட்டியிருக்க வேண்டும்.

இதை மேல்முறையீட்டுக்கு எடுத்துப்போக விரும்புபவர்களுக்குச் சோதனை சிரமமில்லை. இயர்ஃபோன் கூடாது, ஒலிபெருக்கி. ஒரே ஸ்வரத்தை நீட்டி ஒலிக்கவிட்டு, கொட்டாவியின் உச்சத்தில் கேட்டதை, வாய் மூடியபின் ஒரு திருகைத் திருப்பி அதே சுருதிக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். 300 ஹெர்ட்ஸிலும் செய்ய வேண்டும், 6,000 ஹெர்ட்ஸிலும் செய்ய வேண்டும். இரண்டாவதில் நரம்பின் தாளக்கணக்கு கைகொடுக்காது, இடக்கணக்கு மட்டுமே. 6,000இல் இறங்கி 300இல் இறங்காவிட்டால் நகர்ந்தது நத்தைச் சுருளின் வரைபடம். இரண்டிலும் ஒரே விகிதத்தில் இறங்கினால் வேலை அந்த மருந்தைப் போல இன்னும் உள்ளே எங்கோ நடக்கிறது, நான் மேலே எழுதிய விளக்கம் தவறு. இரண்டிலும் திருகு பழைய இடத்திலேயே வந்து நின்றால், இறங்கியது சுருதி அல்ல.